சனி, ஞாயிறில் பிராக்: டிரெஸ்டனில் படிக்கும் மாணவர்களுக்கு

ஜெர்மனியின் டிரெஸ்டனில் படிக்கும் மாணவர், வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ரயிலேறினால், ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் செக் குடியரசின் தலைநகரான பிராக்கை அடைந்துவிடலாம். பக்கத்து ஊர்தானே என்று பலர் எந்த ஏற்பாடும் இன்றிக் கிளம்பிவிடுகின்றனர். ஆனால் இந்தக் குறுகிய தொலைவுக்குள் நாடு மாறுகிறது, நாணயம் மாறுகிறது, கையிலிருக்கும் பயணச்சீட்டும் செல்லாததாகிவிடுகிறது.

ஆவணங்களை முதலில் சரிபார்க்கவேண்டும். செக் குடியரசு 2007 முதல், உறுப்பு நாடுகளுக்கிடையே தனி விசாவின்றிப் பயணிக்கக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியைச் சேர்ந்தது என்பதால், காலாவதியாகாத ஜெர்மானிய வசிப்பு அனுமதி அட்டையும் கடவுச்சீட்டும் உள்ள மாணவருக்குத் தனி விசா தேவையில்லை. இரண்டையும் அசலாகவே எடுத்துச் செல்லவேண்டும். 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளுக்கும் சோதனையை விரிவுபடுத்தியதால், திரும்பும் ரயிலில் காவலர்கள் அவற்றைக் கேட்கக்கூடும். அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டு இடைக்காலச் சான்றிதழை மட்டும் வைத்திருப்பவர்கள், அதில் வசிப்புச் சட்டத்தின் எந்த உட்பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது அவசியம். 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு எனில் பழைய அனுமதி தொடர்வதாகக் கருதப்படும். 3ஆம் உட்பிரிவு எனில் வெளியே சென்று திரும்பும் உரிமையை அது தராது. அப்படிப்பட்டவர்கள் அட்டை வரும்வரை பயணத்தைத் தள்ளிவைக்கவேண்டும்.

மாணவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் டாய்ச்லாண்ட் டிக்கெட், அதாவது ஜெர்மனியின் உள்ளூர், வட்டார ரயில்களுக்கான மாதச் சீட்டு, எல்லைக்கு அப்பால் செல்லாது. பிராக் செல்லும் விரைவு ரயில்களில் எல்லைக்கு இப்பாலும் செல்லாது. ஆகவே முழுப் பயணத்துக்கும் தனிச் சீட்டு வாங்கவேண்டும். வாங்குமுன் செக் ரயில்வேயின் தளத்திலும் விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அங்கே புழங்கும் நாணயம் கொருனா. அட்டையில் பணம் செலுத்தும்போது யூரோவிலா கொருனாவிலா என்று இயந்திரம் கேட்டால், தயங்காமல் கொருனாவைத் தேர்ந்தெடுக்கவேண்டும்; யூரோவைத் தேர்ந்தால் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும். நகரப் போக்குவரத்துக்கு வாங்கும் காகிதச் சீட்டை மஞ்சள் நிற இயந்திரத்தில் ஒரு முறை முத்திரையிட்ட பிறகே அது செல்லுபடியாகும். முத்திரையில்லாத சீட்டுக்கும் அபராதம் உண்டு.

எந்த நாளில் எதைப் பார்ப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். பழைய யூதர் குடியிருப்பான யோசெஃபோவின் தொழுகைக்கூடங்களையும் பழைய கல்லறைத் தோட்டத்தையும் நிர்வகிக்கும் யூத அருங்காட்சியகம் சனிக்கிழமைகளில் திறப்பதில்லை. பிராக் கோட்டைக்குள் இருக்கும் புனித வீட்டஸ் பேராலயமோ, வழிபாட்டின் பொருட்டு ஞாயிறு நண்பகல் வரை பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. எனவே சனிக்கிழமையைக் கோட்டைக்கும், ஞாயிற்றுக்கிழமையை யோசெஃபோவுக்கும் ஒதுக்கவேண்டும். மலைமேலுள்ள கோட்டைக்கு 22ஆம் எண் டிராம் செல்கிறது. வளாகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை, பேராலயம், பழைய அரண்மனை போன்றவற்றின் உள்ளே செல்லத்தான் சீட்டு வேண்டும். 1357இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்தைக் காலை ஏழு மணிக்கு முன் பார்த்துவிடுவது நல்லது. பத்து மணிக்குமேல் அங்கே நடப்பதே சிரமம். பழைய நகரச் சதுக்கத்தில் உள்ள 1410ஆம் ஆண்டு வானியல் கடிகாரத்தில் மணிக்கொருமுறை பொம்மைகள் வலம்வரும் காட்சி ஒரு நிமிடம்கூட நீடிக்காது. அதற்காக அரைமணி நேரம் காத்திருப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அந்த நேரத்தில் லெட்னா பூங்காவுக்கு ஏறிச் சென்றால், வுல்டாவா ஆற்றின் பாலங்கள் வரிசையாகத் தெரியும்.

சைவம் மட்டுமே உண்பவர்களுக்குச் சாதாரண உணவகங்களில் பெரும்பாலும் கிடைப்பது, ‘ஸ்மாஜெனி சீர்’ எனப்படும் பொரித்த பாலாடைக்கட்டி. ஒரு வேளைக்கு அது போதும். மறுவேளைக்கும் அதையே வயிறு ஏற்காது என்பதால் பழமோ ரொட்டியோ வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

திரும்புவதற்குக் கடைசி ரயிலை நம்பாமல் அதற்கு முந்தையதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். தாமதம் ஏற்பட்டாலும் திங்கட்கிழமை வகுப்பு தவறாது. ஞாயிறு மாலையில் கூட்டம் மிகுதி என்பதால் இருக்கையை முன்பதிவு செய்வதும் தேவை. பகல் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்ப முடிந்தால், எல்பே ஆறு தெரியும் வலப்புறச் சன்னல் இருக்கையைக் கேட்டு வாங்கவேண்டும்.