லேப்டாப்பில் லொகேஷன் வருகிறது, போனில் வரவில்லையா?

அல்சூரில் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்துக்கு வருகிறவர், தான் நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்க ஒரு வலைப்பக்கம் செய்வோம். இதற்கு லைப்ரரி எதுவும் வேண்டாம். பிரவுசருக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது.

முதலில் ஒரு பட்டன் வையுங்கள். அதை அழுத்திய பிறகுதான் லொகேஷன் கேட்க வேண்டும். பக்கம் திறந்த உடனே கேட்டால், எதற்கென்று புரியாமல் பலர் 'பிளாக்' கொடுத்துவிடுவார்கள். அப்புறம் அந்த அனுமதிப் பெட்டியை உங்கள் கோடால் திறக்க முடியாது. அவரே செட்டிங்ஸுக்குப் போய் மாற்றினால்தான் உண்டு.

பட்டனுக்குள், நேவிகேட்டரில் உள்ள ஜியோலொகேஷனின் கெட்-கரண்ட்-பொசிஷனைக் கூப்பிடுங்கள். மூன்று விஷயங்களைக் கொடுக்க வேண்டும்: இடம் கிடைத்தால் ஓடும் ஃபங்ஷன், கிடைக்காவிட்டால் ஓடும் ஃபங்ஷன், ஆப்ஷன்கள். இரண்டாவதை விட்டாலும் கோட் ஓடும். ஆனால் எரர் வந்தால் பக்கம் வாயே திறக்காது. அதனால் அதையும் எழுதிவிடுங்கள். கிடைத்த இடத்தை முதல் ஃபங்ஷனுக்குள்ளேயே பயன்படுத்துங்கள். கூப்பிட்டதற்கு அடுத்த வரியில் போய்த் தேடினால் 'அண்டிஃபைன்ட்' தான் வரும், ஏனென்றால் பதில் அதற்குள் வந்திருக்காது.

ஆப்ஷன்களில் நான் வைப்பது: எனேபிள்-ஹை-அக்குரசி (முடிந்தவரை துல்லியமான இடம்) ட்ரூ, டைம்அவுட் (எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்) 10000, மேக்ஸிமம்-ஏஜ் (ஏற்கனவே எடுத்த இடம் எவ்வளவு பழையதாக இருக்கலாம்) 60000. கடைசி இரண்டும் மில்லிசெகண்டில். பத்து செகண்டு என்று நினைத்து வெறும் 10 போட்டால் கண் இமைக்கும் முன்னே டைம்அவுட் ஆகிவிடும். டைம்அவுட்டே எழுதாமல் விட்டால் காத்திருப்புக்கு எல்லையே கிடையாது. பர்ப்பிள் லைன் மெட்ரோ கப்பன் பூங்காவிலிருந்து சிட்டி ரயில்வே ஸ்டேஷன் வரை தரைக்கடியில் ஓடுகிறது. அங்கே ஜிபிஎஸ் எட்டாது. உங்கள் பக்கம் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கலாம்.

இப்போது பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். லேப்டாப்பில் லோக்கல்ஹோஸ்ட் 3000-இல் (லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கருவியையே குறிக்கும் முகவரி, 3000 போர்ட் எண்) எல்லாம் சரியாக ஓடும். அதே வைஃபையில் போனைப் போட்டு, 192.168 என்று தொடங்கும் லேப்டாப் முகவரியைத் திறந்தால் எரர் கோட் 1 வரும். 1 என்றால் 'அனுமதி மறுக்கப்பட்டது'. உடனே போனின் லொகேஷன் செட்டிங்ஸ், குரோமின் பெர்மிஷன் எல்லாவற்றையும் புரட்டத் தோன்றும். அங்கே ஒன்றும் கிடைக்காது. அனுமதிப் பெட்டி வந்ததா என்று மட்டும் பாருங்கள். அது வராமலே 1 வந்தால், மறுத்தது பெரும்பாலும் பயனர் இல்லை, பிரவுசர். ஹெச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாத பக்கத்துக்கு இடத்தைத் தருவதை குரோம் 2016-லும் ஃபயர்ஃபாக்ஸ் 2017-லும் நிறுத்திவிட்டன. லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. 192.168 முகவரிக்கு இல்லை. ஜியோலொகேஷன் இருக்கிறதா என்று கோடில் செக் செய்தாலும் 'இருக்கிறது' என்றே பதில் வரும். அதனால்தான் இது இவ்வளவு குழப்புகிறது.

ஆண்ட்ராய்டு போன் என்றால் தீர்வு ஒரு யுஎஸ்பி கேபிள். போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து லேப்டாப்பில் இணையுங்கள். லேப்டாப் குரோமின் முகவரிப் பட்டையில் chrome://inspect என்று அடித்து, வரும் பக்கத்தில் 'போர்ட் ஃபார்வர்டிங்' அழுத்துங்கள். போர்ட் 3000, எதிரே லோக்கல்ஹோஸ்ட் 3000 என்று எழுதுங்கள். கீழே உள்ள டிக்கை மறக்க வேண்டாம், அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. இனி போனிலும் லோக்கல்ஹோஸ்ட் 3000 என்றே திறக்கலாம், கேபிள் வழியே லேப்டாப்பில் ஓடும் பக்கமே வரும். ஐபோனுக்கு இந்த வழி இல்லை, அதற்கு என்கிராக் மாதிரி டனல் (லேப்டாப்பில் ஓடும் பக்கத்துக்கு இணையத்தில் ஒரு ஹெச்டிடிபிஎஸ் முகவரி தரும் சேவை) வேண்டும். ஆண்ட்ராய்டில் கேபிளே மேல். பாதி முடிந்த பக்கத்தை இணையத்தில் திறந்துவைக்க வேண்டியதில்லை.

இடம் வந்ததும் லாட்டிட்யூட், லாஞ்சிட்யூடுடன் அக்குரசியையும் பாருங்கள். அது மீட்டர் கணக்கில் ஒரு வட்டத்தின் ஆரம். பயனர் அந்த வட்டத்துக்குள் இருப்பதற்கு 95 சதவீத வாய்ப்பு. அல்சூர் ஏரிக்கரையில் திறந்த வெளியில் நிற்கும் போன் 12.98, 77.62 என்று சொல்லி அக்குரசி 15 கொடுத்தால் தூரத்தை நம்பிக் காட்டலாம். வைஃபை இல்லாத டெஸ்க்டாப் ஐபி முகவரியை வைத்து ஊகிக்கும். அக்குரசி 20000 என்றால் ஊரே அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். 1000-க்கு மேல் போனால் தூரத்தைக் காட்டாமல், 'உங்கள் பகுதியைத் தேர்ந்தெடுங்கள்' என்று கேட்பதே நேர்மை.

வரைபடத்தில் புள்ளி வைக்கும்போது வரிசையைக் கவனியுங்கள். லீஃப்லெட் என்ற வரைபட லைப்ரரிக்கு லாட்டிட்யூட் முதலில், ஜியோஜேசன் என்ற இடத் தகவல் வடிவத்துக்கு லாஞ்சிட்யூட் முதலில். மாற்றிப் போட்டால் அல்சூர்க்காரர் நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடலில் நிற்பார்.

ஊர் ஊராகப் போய்ச் சோதிக்க வேண்டாம். குரோமின் டெவ்டூல்ஸில் (டெவலப்பர்களுக்கான சோதனைக் கருவிகளில்) சென்சார்ஸ் டேபைத் திறந்தால் பொய் இடம் கொடுக்கலாம். பட்டியலில் மும்பை இருக்கிறது, பெங்களூரு இல்லை, நாமே சேர்க்க வேண்டும். 'லொகேஷன் அன்அவெய்லபிள்' என்பதையும் ஒருமுறை தேர்ந்தெடுத்து, எரர் ஃபங்ஷன் ஓடுகிறதா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை: வேறொரு தளத்துக்குள் ஐஃப்ரேமாக (பக்கத்துக்குள் பக்கமாக) இந்தப் பக்கத்தை வைத்தாலும் எரர் கோட் 1 வரும். அந்த ஐஃப்ரேம் டேகில் அலவ் என்ற பண்புக்கு ஜியோலொகேஷன் என்று மதிப்பு கொடுத்தால் சரியாகும்.

இன்னொரு பின்சேர்க்கை: ஹை-அக்குரசி ட்ரூ வைத்தும் வட்டம் கிலோமீட்டர் கணக்கில் வந்தால் கோடைக் குறை சொல்ல வேண்டாம். ஆண்ட்ராய்டு 12, ஐஓஎஸ் 14 முதல், துல்லியமான இடத்தைத் தராமல் தோராயமாக மட்டும் தரும் உரிமை பயனருக்கு உண்டு. அதை நாம் மீற முடியாது, மீறவும் கூடாது. பகுதியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் அப்போதும் கைகொடுக்கும்.