பொது டிஸ்க்கில் கை வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரில் ஐப்பசி மழை பிடித்தால் கரண்ட் அடிக்கடி போகும். திரும்பி வரும்போது கிளஸ்டரில், அதாவது ஒரே டிஸ்க்கைப் பொதுவாக வைத்திருக்கும் சர்வர் கூட்டத்தில், ஒரு சர்வர் எழும், இன்னொன்று பதில் சொல்லாது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன வாரம், பதில் சொல்லாத சர்வரின் பொது டிஸ்க்கை எழுந்த சர்வரில் மவுன்ட் செய்ய, அதாவது இணைத்துத் திறக்கப் போனார். நான் அந்தக் காலத்தில் செய்த அதே தவறு. கையைப் பிடித்து நிறுத்தினேன். கேபிள் கழன்றிருக்கிறதா, டிஸ்க் நிரம்பிவிட்டதா என்பதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். இங்கே சொல்வது டிஸ்க்கில் கை வைக்கும்போது வரும் தவறுகளை மட்டும்.

"அண்ணா, சும்மா பார்க்கத்தான் மவுன்ட் செய்தேன்"

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் ஆத்திரம் வரும். பதில் சொல்லாத சர்வர் செத்துவிட்டது என்று யார் சொன்னது? நெட்வொர்க் மட்டும் அறுந்திருக்கலாம். டிஸ்க்கில் அது எழுதிக்கொண்டே இருக்கும். இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்கள் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைகள்) எல்லாம் ஒரு நேரத்தில் ஒரே சர்வருக்கானவை. எந்த பிளாக் காலி என்ற கணக்கை ஒவ்வொரு சர்வரும் தன் மெமரியில் வைத்திருக்கும். இன்னொரு சர்வர் உள்ளே வந்தது அதற்குத் தெரியாது. ஒன்று எழுதிய இடத்திலேயே மற்றது எழுதும்.

ரீட் ஒன்லிதானே, படிக்க மட்டும்தானே என்பார்கள். ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் இடத்தில்) மீதி வேலை இருந்தால், ரீட் ஒன்லியாக மவுன்ட் செய்தாலும் இஎக்ஸ்டி4 அதை டிஸ்க்கில் எழுதி முடிக்கும். 'நோலோட்' என்ற மவுன்ட் ஆப்ஷன் கொடுத்தால்தான் எழுதாது.

நான் அப்படி மவுன்ட் செய்த டிஸ்க்கில் சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலை எடைக் கணக்கு இருந்தது. மறுநாள் ஒரு ஃபைலைத் திறந்தால் பாதிவரை பெயரும் கிலோவும். அதற்குக் கீழே ஏதோ சர்வர் லாக் (நிகழ்வுப் பதிவு) வரிகள். ஈரத்தில் ஒட்டிப்போன எடைச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, மூன்று நாள் உட்கார்ந்து திரும்ப ஏற்றினோம். அந்தச் சீட்டுகளும் இல்லையென்றால் அவர்கள் பறித்த இலைக்குக் கணக்கே இல்லை.

ஆகவே பதில் சொல்லாத முதல் சர்வரின் பவரை அணையுங்கள். அணைந்ததை உறுதி செய்த பிறகே இரண்டாவதில் மவுன்ட். இரண்டிலும் ஒரே நேரத்தில் வேண்டுமா? ஜிஎஃப்எஸ்2 போன்ற கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் போடுங்கள்.

தொல்லை தருகிறதென்று ஃபென்சிங்கை நிறுத்துவது

பதில் சொல்லாத சர்வரை டிஸ்க்கில் எழுதவிடாமல் தானாக விலக்கி வைப்பதுதான் ஃபென்சிங். அதை நிறுத்தக் கூடாது.

எஸ்டிபி என்ற பெயரை நம்புவது

எஸ்டிபி என்பது லினக்ஸ் ஒரு டிஸ்க்குக்கு வைக்கும் பெயர். ரீபூட்டுக்குப் பிறகு அது எஸ்டிசி ஆகலாம். அப்புறம், மல்டிபாத்தில் (டிஸ்க்குக்குப் பல பாதைகள் இருக்கும்போது) ஒரே டிஸ்க் இரண்டு பெயரில் தெரியும். ஒன்று காலி என்று நினைத்து ஃபார்மட் செய்தவர்கள் உண்டு. டிஸ்க்கின் மாறாத அடையாளமான டபிள்யூடபிள்யூஐடி எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மவுன்ட் ஆகியிருக்கும்போதே எஃப்எஸ்சிகே

எஃப்எஸ்சிகே என்பது ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துப் பழுது பார்க்கும் கமாண்ட். டிஸ்க் எங்காவது மவுன்ட் ஆகியிருந்தால் எந்த சர்வரிலிருந்தும் வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒன்றாக ஆன் செய்வது

முதலில் சர்வரையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் சுவிட்ச், அடுத்து ஸ்டோரேஜ் (பொது டிஸ்க் இருக்கும் பெட்டி), அது முழுதாக எழுந்த பிறகே சர்வர்கள்.