டென்ஸ் விளையாட்டில் நாம் செய்யும் தவறுகள்

சென்னை காசிமேட்டில் சாயங்கால நேரத்தில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். ஆரம்பத்தில் நான் செய்த பெரிய தவறு, பன்னிரண்டு டென்ஸையும் கலர் கலராகக் கட்டம் கட்டிச் சார்ட் ஒட்டியதுதான். பிள்ளைகள் பெயர்களைக் கடகடவென ஒப்பித்தார்கள். "உங்கப்பா என்ன வேலை செய்றாரு, இங்கிலீஷ்ல சொல்லு" என்றேன். "மை ஃபாதர் இஸ் கோயிங் டு ஸீ" என்றான் ஒருவன். அவன் அப்பாவோ எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அவனைக் குறை சொல்ல முடியாது. தமிழில் "அப்பா கடலுக்குப் போறாரு" என்றால் தினமும் பார்க்கிற தொழிலையும் குறிக்கும், இப்போதே கிளம்பிப் போவதையும் குறிக்கும். இங்கிலீஷில் 'கோஸ்' வேறு, 'இஸ் கோயிங்' வேறு. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்குக் காட்டாமல் எத்தனை விளையாட்டு வைத்தாலும் பொழுதுதான் போகும்.

எங்களுக்குக் கைகொடுத்தது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. "ஹி கோஸ் டு ஸீ. நௌ ஹி இஸ் மெண்டிங் ஹிஸ் நெட்." முதல் வரி அவர் தொழில், அடுத்த வரி கண்ணெதிரே நடப்பது. இதேபோல வீட்டில் ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி சொல்வதுதான் விளையாட்டு. "மை ஆயா செல்ஸ் ஃபிஷ். நௌ ஷி இஸ் ஸ்லீப்பிங்" என்றாள் ஒரு சின்னப் பெண். எனக்கு அப்படியே அள்ளிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்றைக்கே சார்ட்டைக் கழற்றிவிட்டேன்.

தப்பாகச் சொன்னால் 'அவுட்' என்று உட்காரவைக்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். அதிகம் பேசிப் பழகவேண்டிய பிள்ளைதான் அதில் முதலில் வெளியேறும். அதற்குக் கேரம் போர்டு எவ்வளவோ மேல். ஸ்ட்ரைக்கரை வைத்ததும் "ஐ அம் கோயிங் டு ஹிட் த ரெட்", அடித்து முடித்ததும் "ஐ மிஸ்ட் இட்". காயின் விழுந்தாலும் விழாவிட்டாலும் பேச ஒரு வரி இருக்கிறது. அடுத்த முறையும் வரும்.

இன்னொன்று, பிள்ளை பேசும்போதே பாதியில் நிறுத்தித் திருத்துவது. "மை ஃபாதர் கேட்ச்டு வஞ்சிரம்" என்று ஒருவன் சொன்னால் அதில் சந்தோஷப்பட விஷயம் இருக்கிறது. நடந்து முடிந்ததற்கு 'எட்' சேர்க்கவேண்டும் என்ற விதி அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. 'கேட்ச்' அந்த விதிக்குள் வராது, 'காட்' என்று மாறும் என்பது மட்டும்தான் பாக்கி. தலையில் குட்டினால் அடுத்த வாட்டி வாயே திறக்கமாட்டான்.

நான் அவனிடம், "ஓ, ஹி காட் வஞ்சிரம்! ஹௌ மெனி?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"ஹி காட் த்ரீ, மிஸ்" என்றான்.