ஸ்மார்ட் கீ மக்கர் பண்ணுதா? ஷோரூமுக்கு ஓடும் முன் பாருங்க

"அண்ணா, சாவி ரிப்பேர் ஆயிடுச்சு, கார் திறக்கவே மாட்டேங்குது" என்று போன் வந்தால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எது வேலை செய்யுது, எது செய்யலை? கோவையில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன் நான். இதற்குப் பதில் கிடைத்தாலே பாதிப் பழுது பிடிபட்டுவிடும்.

ஸ்மார்ட் கீ, அதாவது பட்டன் வைத்த இந்த ரிமோட் சாவிக்குள் மூன்று வேலை தனித்தனியாக நடக்கிறது. பட்டனை அமுக்கினால் சாவி காருக்குச் சிக்னல் அனுப்புகிறது; நம்ம ஊர் கார்களில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ். கதவுக் கைப்பிடியைத் தொட்டால் கார்தான் முதலில் கூப்பிடும், சாவி பதில் சொல்லும். அந்தக் கூப்பாடு ஒரு மீட்டர் சுற்றளவுக்குத்தான் எட்டும். மூன்றாவது, வண்டியை ஸ்டார்ட் செய்ய அனுமதி கொடுக்கும் சிப். அதற்கு பேட்டரியே வேண்டாம்.

முதலில் வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியை எடுத்துப் பாருங்கள். அது ஒழுங்காக வேலை செய்தால் காரில் கோளாறு இல்லை.

கோளாறு சாவியில்தான் என்றால் பட்டன் செல்லில் (சாவிக்குள் இருக்கும் காசு மாதிரி சின்ன பேட்டரி) ஆரம்பிக்கணும். உள்ளே செருகியிருக்கும் இரும்புச் சாவியை உருவினால் ஒரு இடுக்கு தெரியும். தட்டை ஸ்க்ரூடிரைவர் முனையில் துணி சுற்றி, அங்கே விட்டு லேசாகத் திருகினால் மூடி பிளந்துகொள்ளும். செல் மேலேயே நம்பர் இருக்கும். நிறைய கார்களில் சி.ஆர். 2032: 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. தடிமன். கடையில் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று 2025-ஐத் தருவார்கள். அகலம் அதேதான், ஆனால் தடிமன் 2.5 மி.மீ. போட்டால் உட்காரும், வேலையும் செய்யும். சாவி கீழே விழுந்த அன்றைக்கு நின்றுவிடும். மல்டிமீட்டரில் புது செல் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டணும். 2.8-க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். மீட்டரில் 3 காட்டிவிட்டு, பட்டனை அமுக்கியதும் படுத்துவிடும் செல்லும் உண்டு.

புது செல் போட்டும் உயிர் வரவில்லையா? செல்லைத் தொடும் பித்தளைத் தகட்டைப் பாருங்கள். மழையில் நனைந்த சாவியில் அந்த நுனியில் பச்சை படிந்திருக்கும்; பென்சில் ரப்பரால் தேய்த்தால் போய்விடும். தகடு அமுங்கிக் கிடந்தால் ஊசியால் ஒரு நூல் தூக்கிவிடுங்கள். செல் மாற்றினால் கோடிங் (சாவியைக் காரில் பதிந்த பதிவு) அழியாது. அதற்குத் தனிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பழைய செல்லை டேப் சுற்றி வையுங்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும்.

வழியில் மாட்டிக்கொண்டால் இரும்புச் சாவியால் டிரைவர் கதவைத் திறங்கள். சில கார்களில் துளை, கைப்பிடி மூடிக்குள் ஒளிந்திருக்கும். அலாரம் கத்தினால் கத்தட்டும். பிரேக்கை மிதித்து (கியர் வண்டியில் கிளட்சையும்), சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிவைத்தே அமுக்குங்கள். சில மாடல்களில் சாவி வைக்க வேறு இடம் இருக்கும், மேனுவலில் போட்டிருக்கும். ஸ்டார்ட் ஆனால் சிப் நல்லா இருக்கிறது, செல் மட்டும்தான் காலி.

இரண்டு சாவியும் கைவிட்டால் காரின் பேட்டரியைப் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ்; 12-க்கு வந்துவிட்டால் மீட்டர் போர்டு மினுக்கும், "டிக் டிக்" என்று மட்டும் சத்தம் வரும். பேட்டரி சரி, ஆனால் பட்டனுக்கு அசையவில்லை என்றால் பிரேக்கை மிதித்து பின்விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் பெரும்பாலும் பிரேக் சுவிட்ச் கோளாறு. அது சின்ன வேலைதான்.

சில நேரம் மட்டும் தகராறு என்றால் சாவியும் செல்போனும் ஒரே பாக்கெட்டில் இருக்கிறதா பாருங்கள். இதுபோல சிக்னலைக் கெடுக்கும் மலிவு சார்ஜர், டேஷ்கேம் (காரில் மாட்டும் கேமரா) எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முயன்று பாருங்கள்.

தூரத்திலிருந்தே வண்டியை ஸ்டார்ட் செய்யும் ரிமோட் ஸ்டார்ட்டுக்கு நிபந்தனை ஜாஸ்தி. கதவு, டிக்கி, பானெட் மூடிப் பூட்டியிருக்கணும். ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'யில், கியர் வண்டி என்றால் நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டு. இதில் ஆளை அலைக்கழிப்பது பானெட் லாக் பக்கத்தில் இருக்கும் சுவிட்ச். அதற்குப் போகும் ஒல்லி ஒயரை எலி கடித்திருந்தால், பானெட் மூடியே இருந்தாலும் திறந்திருப்பதாகக் கார் நினைத்துக்கொள்ளும். போர்டில் பானெட் விளக்கு எரிகிறதா பாருங்கள். டார்ச் அடித்து ஒயரைத் தேடுங்கள், பக்கத்திலேயே எலிப் புழுக்கை கிடக்கும். ஆப் வழியாக ஸ்டார்ட் செய்கிறவர்கள் பேஸ்மென்ட்டில் காருக்கு சிக்னல் இருக்கிறதா, சந்தா முடிந்துவிட்டதா என்று முதலில் பார்க்கணும். மூடிய கராஜுக்குள் ரிமோட் ஸ்டார்ட் வேண்டவே வேண்டாம். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வீட்டுக்குள் நுழையும்.

இத்தனையும் பார்த்தும் ஸ்டார்ட் பட்டனில் ஒட்டிவைத்தும் கார் சாவியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்றால்தான் ஷோரூம். போகும்போது வீட்டில் உள்ள எல்லா சாவியையும் கொண்டுபோங்கள். பல கார்களில் புதுச் சாவி பதியும்போது, அங்கே இல்லாத பழைய சாவியின் பதிவு அழிந்துபோகும்.