நாய்க்குட்டி வாங்குமுன் தாயைப் பாருங்கள்

போட்டோவை மட்டும் பார்த்து அட்வான்ஸ் அனுப்பிவிடாதீர்கள். நான் அனுப்பினேன். "கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க, குட்டியைக் கொடுத்துடறோம்" என்றார்கள். கூடையில் வந்த லாப்ரடார் குட்டிக்கு ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து, ஐந்தாம் நாள் குட்டி செத்துப்போய்விட்டது.

அதனால் வளர்ப்பவர் வீட்டுக்கே போங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். எலும்பும் தோலுமாக இருக்கிறதா, ஆளைக் கண்டால் பதுங்குகிறதா, படுக்கும் இடம் நாறுகிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஏதாவது சாக்குச் சொல்லித் தாயைக் காட்டாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். அந்தச் சான்றிதழைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் தரும் பேப்பர் வம்சாவளியைத்தான் சொல்லும், ஆரோக்கியத்தை அல்ல. லாப்ரடார் என்றால் தாய், தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. குட்டியைத் தனியாகப் பிரித்து, பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள்.

அப்புறம், நல்ல வளர்ப்பாளர் உங்களையும் கேள்வி கேட்பார்: பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், மொட்டைமாடியில் கட்டிப்போடுவீர்களா என்று. அப்படிக் கேட்பவரிடம் தைரியமாக வாங்கலாம்.