ஓகஸ்ட் கடைசியில் ஊருக்குப் போகிறவர்கள் வானிலையை எப்படிப் பார்ப்பது?

ஓகஸ்ட் கடைசி வாரத்துக்கான யாழ்ப்பாண வானிலையைத் தொலைபேசியில் திறந்தால் ஏழு நாளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பகலில் 31, 32 பாகை, இரவில் 27, வரிசையாகச் சூரியன், இரண்டொரு நாளில் மின்னல் படம். "போன மாதம் ரொறன்ரோவில் இதைவிட வெயில்" என்று சொல்லிக்கொண்டு பெட்டி கட்டுகிறவர்கள் பலர். பகல் வெயிலைப் பார்த்துத் திட்டம் போட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் பயணத்துக்கு உதவுகிற விஷயங்கள் வேறு மூன்று: இரவு வெப்பநிலை, காற்று, மழை வருகிற நேரம்.

முதலில் இரவு. ரொறன்ரோவிலோ பாரிஸிலோ பகலில் 32 பாகை அடித்தாலும் இரவில் பெரும்பாலும் நன்றாக இறங்கி உடம்பு ஆறிவிடும். யாழ். குடாநாட்டைச் சுற்றிக் கடல் என்பதால் அங்கே விடியப்புறத்திலும் 26, 27க்குக் கீழே போவது குறைவு, காற்றில் ஈரமும் அதிகம். உடம்புக்கு ஓய்வே கிடைக்காது. அதனால் வந்திறங்கிய முதல் இரண்டு மூன்று நாளில் மத்தியான அலைச்சல் எதையும் வைக்காதீர்கள், உறவுக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் சரி. பிரஷருக்கு மருந்து எடுப்பவர்கள் புறப்பட முன்னமே தங்கள் டொக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது, சில மாத்திரைகள் உடம்பின் நீரைக் குறைக்கும். பிள்ளைகள் சோர்ந்து போனால் பாமசியில் ஜீவனி என்று கேளுங்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்தான் அது.

அடுத்தது காற்று. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கை தமிழிலும் வருகிறது. அதில் வடக்கு கிழக்கைத் தனியாகச் சொல்லாமல், நாட்டின் மற்றப் பகுதிகளில் "பிரதானமாகச் சீரான வானிலை" என்று இருந்தால் அங்கே பெரும்பாலும் மழைக்கு இடமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அதோடு வாசிப்பை நிறுத்திவிடாதீர்கள். கடற்பரப்புக்கென்று தனி அறிக்கை உண்டு. புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடலுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று, எங்கள் ஊர்ச் சோளகம், செப்டெம்பர் வரை இருக்கும். காற்று மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் வீசும், கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்று எழுதியிருந்தால் நெடுந்தீவுப் படகுப் பயணத்தை அன்றைக்கு விட்டுவிடுங்கள். படகு புறப்படும் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு கிட்டத்தான். நெடுந்தீவுக்கோ ஒரு மணி நேரம் போகவேண்டும், படகு ஆடுகிற ஆட்டத்தில் வயதானவர்கள் பாடு பெரும்பாடு. காற்று வழமைபோல இருக்கிற நாளிலும் காலை முதல் படகையே பிடியுங்கள். உயிர்காப்பு அங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு படம் எடுக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

அதே காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே வறண்டு சூடாக இறங்குகிறது. மட்டக்களப்பில் அதைத்தான் கச்சான் என்பார்கள். கிழக்கில் 34, 35 பாகை என்று போட்டிருக்கும். யாழ்ப்பாணத்தைவிட இரண்டு மூன்று பாகைதானே என்று நினைக்க வேண்டாம், அந்தக் காற்று முகத்தில் அடித்தால் உதடு வெடிக்கும். அதற்குக் கைம்மாறு மாதிரி, நிலாவெளி, பாசிக்குடா கடல் இந்தக் காலத்தில் குளிக்க நல்லது. தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவ, உனவட்டுன பக்கம் கடல் மூர்க்கமாக இருக்கும். எந்தப் பக்கம் குளிப்பது என்று யோசிக்கிறவர்கள் கிழக்கே போகலாம்.

ஓகஸ்ட் 28 அளவில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் வரும். பிறகு நாளுக்கு நாள் தெற்கே நகர்ந்து, செப்டெம்பர் 7 அளவில் நாட்டின் தென்முனைக்கு நேரே நிற்கும். மத்தியானம் 12.10 அளவில் காலடியிலேயே நிழல் ஒடுங்கிவிடும். நல்லூர்த் திருவிழாவின் கடைசி நாட்கள் பல வருடங்களில் இந்த வெயிலோடுதான் வருகின்றன. ஆண்கள் மேலாடை இல்லாமல், எல்லோரும் வெறுங்காலோடு. தேர் காலையிலேயே இழுபட்டாலும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வரும்போது வெயில் ஏறிவிடும், வீதி மணலும் தாரும் கொதிக்கும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளின் பாதம் அதற்குப் பழகியதல்ல. செருப்பை விட்ட பக்கத்தாலேயே திரும்புங்கள், எதிர் வீதியால் வெளியே வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வெயிலுக்குப் பூசும் கிறீமை வீட்டிலேயே தோளுக்கும் முதுகுக்கும் பூசிவிட்டுப் போனால் நல்லது. மாலைத் திருவிழாதான் போதும் என்று வயதானவர்கள் சொன்னால் அவர்களோடு வாதாட வேண்டாம்.

இன்னொன்று, இங்கே கோடையில் ஒன்பது மணிவரை வெளிச்சம் பார்த்துப் பழகியவர்கள் மறப்பது. அங்கே சூரியன் ஆறு இருபதுக்குப் போய்விடும், ஏழு மணிக்கு நல்ல இருட்டு. வன்னிப் பக்கம் காணி பார்க்கப் போகிறவர்கள் விடிய வெளிக்கிட்டு பத்து மணிக்குள் வேலையை முடிப்பதுதான் சரி.

சரி, அந்த மின்னல் படம். காற்று தளர்கிற நாட்களில் வவுனியா, முல்லைத்தீவு உட்பகுதிகளில் மாலையில் திடீரென்று இடியோடு மழை பெய்யும், ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். நாள் முழுக்க மழை என்று நினைத்துப் பயணத்தைக் கைவிடத் தேவையில்லை. காலை உங்களுக்குத்தான். இடி கேட்டால் வயலிலோ குளக்கட்டிலோ தனிப்பனைக்குக் கீழேயோ நிற்காமல் வீட்டுக்குள் போய்விடுங்கள்.

கட்டுநாயக்கவில் இறங்கும்போது மழை தூறினால் பயப்பட வேண்டாம், தம்புள்ளை தாண்டினால் பெரும்பாலும் காய்ந்த தெருதான். திரும்பும் வழியில் நுவரெலியா போகிறவர்கள் மட்டும் ஒரு ஸ்வெற்றரும் குடையும் கைப்பையில் வையுங்கள், அங்கே பகலிலும் இருபதைத் தாண்டுவது குறைவு.