‘ஆட்ட முடியுதா?’ என்று மட்டும் கேட்காதீர்கள்: விரலில் அடிபட்டால் சோதிக்கும் முறை

டென்னிஸ் பால் மேட்சில் கேட்ச் பிடிக்கப் போய், பந்து நேராக விரல் நுனியில் குத்துகிறது. சுற்றி நிற்பவர்கள் முதலில் கேட்பது, “ஆட்ட முடியுதா?” ஆட்டிக் காட்டினால், “அப்ப எலும்பு உடையல, வா”. அதற்குள் ஒருவர் விரலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தும் விட்டிருப்பார்.

இரண்டுமே தவறு. முறிந்த விரலையும் பல நேரம் ஆட்ட முடியும். இழுத்தாலோ, ஒட்டியிருந்த முறிவு விலகிவிடலாம். பாதி கிழிந்த ஜவ்வு முழுதாகக் கிழியலாம். நான் டாக்டர் இல்லை. எங்கள் டீமின் முதலுதவிப் பெட்டி பல வருடமாக என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான். அடிபட்ட முதல் பத்து நிமிடத்தில் என்ன பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் வேலை: மோதிரத்தைக் கழற்றுங்கள்

வீக்கம் வந்தபின் மோதிரம் இறுக்கி, ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். வீங்கும் முன்பே சோப்பு நுரை போட்டுக் கழற்றிவிடுங்கள். அப்புறம் ஐஸ் கட்டியைக் கைக்குட்டையில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். ஐஸ் நேராகத் தோலில் படக் கூடாது. மைதானத்தில் ஐஸ் இல்லையென்றால் பெட்டிக்கடையில் குளிர்ந்த தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொள்ளலாம். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கியே வைத்திருங்கள். தைலம் தேய்ப்பதும் நீவி விடுவதும் இப்போது வேண்டாம்.

இரண்டாவது: பாருங்கள், தொடாதீர்கள்

விரல் கோணலாக இருக்கிறதா? எலும்பு தெரிகிறதா? நுனி வெளுத்தோ நீலமாகவோ இருக்கிறதா? மரத்துப் போயிருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் சோதனை அத்தோடு முடிந்தது. விரல் இருக்கும் நிலையிலேயே அசையாமல் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். விலகிய மூட்டை மைதானத்திலேயே பொருத்த முயலாதீர்கள்; கூடவே முறிவும் இருக்கலாம், அது எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

விரல் துண்டாகிவிட்டால் ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். துண்டை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். துண்டை நேராக ஐஸில் போட்டால் திசு உறைந்து கெட்டுவிடும்.

மூன்றாவது: ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாக

அதிகம் தவறவிடுவது இங்கேதான். விரலை மடக்கும் வலுவான தசைகள் விரலுக்குள் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு மாதிரி தசைநாண்கள் வந்து விரல் எலும்பில் ஒட்டுகின்றன. ஊரில் ‘நரம்பு இழுத்துக்கிச்சு’ என்பது பல நேரம் இந்த நாணைத்தான். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நாண் தெரியாது. அதனால் “எக்ஸ்ரே நார்மல்” என்பதோடு நிம்மதியாகிவிடக் கூடாது.

நடு மூட்டு அசையாமல் பிடித்துக்கொண்டு, நுனி மூட்டை மட்டும் தானாக நிமிர்த்தச் சொல்லுங்கள். நுனி தொங்கியபடியே இருந்தால் நிமிர்த்தும் நாண் அறுந்திருக்கிறது, அல்லது அது ஒட்டியிருந்த எலும்புத் துணுக்கு பிய்ந்திருக்கிறது. பந்து நுனியில் குத்தினால் வருவது பெரும்பாலும் இதுதான். வலி அதிகம் இருக்காது, அதனால்தான் விட்டுவிடுகிறார்கள்.

இனி அதே பிடியில் நுனியை மடக்கச் சொல்லுங்கள். மடங்கவே இல்லையென்றால் மடக்கும் நாண் அறுந்திருக்கலாம். கபடியில் பாடி வருபவரின் பனியனைப் பிடிக்கும்போது, அவர் திமிறிக்கொண்டு ஓடினால் இப்படி ஆகும். அதிகம் மாட்டுவது மோதிர விரல். இதற்கு ஆபரேஷன் தேவைப்படும், அதுவும் ஒரு வாரம், பத்து நாளுக்குள். தாமதித்தால் நாண் உள்ளங்கைப் பக்கம் சுருங்கிப் போய்விடும்.

நடு மூட்டின் மேல்பக்கம் வலித்து, விரலை நிமிர்த்த பலமில்லாமல் இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். இது முதல் நாள் சாதாரணச் சுளுக்காகத் தெரியும். இரண்டு மூன்று வாரம் கழித்து நடு மூட்டு மடங்கியே நின்றுவிடும்.

கடைசியாக, முடிந்தவரை மெதுவாக முஷ்டி மடக்கச் சொல்லுங்கள். மடங்கிய விரல்கள் எல்லாம் கட்டைவிரல் அடிப்பக்கம் பார்க்க வேண்டும். ஒரு விரல் பக்கத்து விரல்மேல் ஏறினால், உள்ளே எலும்பு முறிந்து திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

கட்டைவிரலுக்குத் தனிக் கணக்கு

பைக்கில் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி விழும்போது கட்டைவிரல் வெளிப்பக்கம் பிரிந்து, ஆள்காட்டி விரலைப் பார்த்த பக்கத்து ஜவ்வு கிழியும். சாவி திருப்பவோ, பாட்டில் மூடி திறக்கவோ பிடிப்பு இருக்காது. கட்டைவிரலை வெளியே இழுத்துப் பார்த்துச் சோதிக்காதீர்கள். முழுதாகக் கிழிந்த ஜவ்வின் முனை சில சமயம் வேறு திசுவின் மேல் போய் மாட்டிக்கொள்ளும். அது தானாக ஒட்டாது.

கையை ஊன்றி விழுந்தவருக்குக் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் பள்ளத்தில் அழுத்தினால் வலித்தால், அங்கே உள்ள சின்ன எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. வலி இருந்தால் 10 முதல் 14 நாளில் மறுபடி காட்டுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்

மேலே சொன்ன எதுவும் இல்லை, வீக்கமும் வலியும் மட்டும்தான் என்றால் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டலாம். சுண்டுவிரலை மோதிர விரலோடு, ஆள்காட்டி விரலை நடுவிரலோடு. இடையில் வேர்வை ஊறாமல் காஸ் துணி வைத்து, மூட்டுக்கு மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று. மூட்டை மூடி ஒட்டாதீர்கள், அது மடங்க வேண்டும். நகத்தை அழுத்தி விட்டால் 2 நொடியில் சிவப்பு திரும்ப வேண்டும்; வராவிட்டால் கட்டு இறுக்கம். இரண்டு மூன்று நாளில் மெதுவாக மடக்கி நீட்டத் தொடங்குங்கள். ஒரு வாரத்தில் குறையாவிட்டால் எக்ஸ்ரே. குழந்தைகள் என்றால் ஒரு வாரம் காத்திருக்காதீர்கள். அவர்கள் எலும்பில் வளரும் பகுதி இருக்கிறது.

கதவிடுக்கில் நசுங்கி நகத்தடியில் ரத்தம் கட்டி விண்விண்ணென்று தெறித்தால், டாக்டர் நகத்தில் சிறு துளை போட்டு ரத்தத்தை வடிய விடுவார். வலி உடனே குறையும். வீட்டில் ஊசியைச் சூடாக்கிக் குத்தாதீர்கள்.

நுனி தொங்கும் விரலுக்கு டாக்டர் சின்ன பிளாஸ்டிக் தாங்கி மாட்டுவார். 6 முதல் 8 வாரம், இரவும் பகலும், குளிக்கும்போதும் நுனி நேராகவே இருக்க வேண்டும். ஒரு முறை மடங்கிவிட்டாலும் கணக்கு முதலிலிருந்து. தாங்கியைக் கழற்றித் துடைக்க வேண்டுமென்றால் விரலை மேசைமேல் தட்டையாக வைத்துக்கொண்டே செய்யுங்கள். எங்கள் விக்கெட் கீப்பர் தம்பி ஐந்தாவது வாரத்தில், சோறு பிசைய வசதியில்லை என்று கழற்றிவிட்டான். நுனி மறுபடி தொங்கியது. மீண்டும் 8 வாரம் கட்டி, இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடப் பழகினான். இப்போது நுனி கொஞ்சம்தான் சாய்ந்திருக்கிறது, கீப்பிங்கும் செய்கிறான்.